வைக்கோலும் எத்தனாலும்: கணக்கு எங்கே உதைக்கிறது?



வயலில் மிஞ்சும் வைக்கோலிலிருந்தும் காட்டில் மிஞ்சும் மரத்திலிருந்தும் எத்தனால் எடுத்து, பெட்ரோலில் கலந்து வண்டி ஓட்டலாம் என்ற பேச்சு இன்று பலமாக அடிபடுகிறது. இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். பிரான்சு நாட்டு வேதியியலர் ஆன்ரி பிராக்கோனோ 1819-இலேயே கந்தல் துணியையும் மரத்தூளையும் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டிவிட்டார். சர்க்கரை கிடைத்துவிட்டால் அதைப் புளிக்கவைத்துச் சாராயம் வடிப்பது மனிதர் என்றோ கற்ற வித்தை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஜார்ஜ்டவுன் என்ற ஊரில், மர அறுவை மில்லின் கழிவிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை வணிக அளவில் ஓடியது. சோவியத் ஒன்றியம் 1930-களிலிருந்து மரச்சர்க்கரை எத்தனாலுக்கென்று வரிசையாக ஆலைகள் கட்டியது. இத்தனை காலமாக வழி தெரிந்திருந்தும், உலகம் எரிக்கும் எத்தனாலில் மிகப் பெரும் பகுதி இன்னும் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும்தான் வருகிறது. ஏன்? விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய தடை ஆலைக்குள் இல்லை, ஆலைக்கு வெளியே வயலில் இருக்கிறது. கழிவைத் தேடி அலைய வேண்டிய ஆலை தள்ளாடுகிறது. கழிவு தானே வந்து குவியும் இடத்தில் கட்டப்பட்ட ஆலை நிலைக்கிறது. இதை ஒப்புக்கொண்டால், அரசுப் பணம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

முதலில் ஆலைக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். வைக்கோல், சக்கை, மரம் எதுவானாலும் அதில் மூன்று பொருள்கள் பின்னிக் கிடக்கின்றன. செல்லுலோஸ் நீண்ட குளுக்கோஸ் சங்கிலி. ஹெமிசெல்லுலோஸ் பெரும்பாலும் சைலோஸ் என்ற வேறு வகைச் சர்க்கரையால் ஆனது. லிக்னின் சர்க்கரையே அல்ல. மற்ற இரண்டையும் இறுக்கிப் பிடித்து நிற்கும் பொருள். கான்கிரீட் தூணில் கம்பியைச் சிமெண்ட் கவ்விக்கொண்டிருப்பது போல லிக்னின் செல்லுலோஸைக் கவ்வியிருக்கிறது. அதை உடைக்காமல் உள்ளே இருக்கும் சர்க்கரையைத் தொட முடியாது. நெல் வைக்கோலில் செல்லுலோஸ் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதோடு மற்றப் பெரும்பாலான தாவரக் கழிவுகளில் காணாத அளவுக்கு மணற்சத்தான சிலிக்காவும் இருக்கிறது. கரும்புச்சாற்றிலோ சர்க்கரை ஏற்கெனவே கரைந்த நிலையில் இருக்கிறது. மக்காச்சோள மாவை வேகவைத்து நொதி சேர்த்தால் சர்க்கரையாகிவிடும். இந்த இரண்டுக்கும் வைக்கோலுக்கும் நடுவே இருக்கும் கூடுதல் வேலைதான் இந்தத் தொழிலின் முதல் சுமை.

அந்தச் சுமையை இறக்குவதில் அறிவியல் உண்மையிலேயே நெடுந்தூரம் வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் பெருங்கடலின் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மளமளவென்று மட்கிப்போயின. அதற்குக் காரணமான பூஞ்சையைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர்களில் எல்வின் ரீஸ் முக்கியமானவர். பின்னாளில் அவர் பெயராலேயே அது டிரைக்கோடெர்மா ரீசியை என்று அழைக்கப்பட்டது. கூடாரத்தைத் தின்ற அந்தப் பூஞ்சையின் நொதிகளே இன்று உலகெங்கும் செல்லுலோஸை அறுத்துக் குளுக்கோஸாக்கும் வேலையைச் செய்கின்றன. அடுத்த சிக்கல் சைலோஸ். வழக்கமான ஈஸ்ட் அதைத் தொடாது. மரபணு மாற்றிய ஈஸ்ட் அதையும் புளிக்கவைக்கிறது. ஆக, வைக்கோலைப் பொடித்து, நீர்த்த அமிலத்தோடும் நீராவியோடும் அழுத்தத்தில் வேகவைத்து, நொதி சேர்த்து, ஈஸ்ட் விட்டு, வடித்து, நீர் நீக்கினால் எத்தனால் கையில். மிஞ்சும் லிக்னினைக் கொதிகலனில் எரித்து ஆலைக்கு வேண்டிய நீராவியில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ குளுக்கோஸ் முழுவதும் புளித்தால் 511 கிராம் எத்தனால்; அதற்கு மேல் ஒரு கிராம்கூட வராது என்பது வேதியியலின் கட்டளை. அந்த எல்லைக்குள் எவ்வளவு நெருங்குவது என்பதில்தான் பொறியாளரின் திறமை இருக்கிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் உலகில் என்ன நடந்தது? அமெரிக்கா 2007-இல் சட்டம் இயற்றி, 2022-க்குள் ஆண்டுக்கு 1,600 கோடி கேலன் செல்லுலோஸ் எரிபொருள் என்று இலக்கு வைத்தது. 2010-க்கான முதல் இலக்கு 10 கோடி கேலன். அதை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையே 65 லட்சமாகக் குறைத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் குறைத்துக்கொண்டே போனது. ஜார்ஜியாவில் மரக்கழிவை நம்பி எழுந்த ரேஞ்ச் ஃபியூவல்ஸ் 2011-இல் மூடப்பட்டது. கான்சாஸ் மாநிலத்தின் ஹியூகோட்டனில் அபென்கோவா 2014-இல் திறந்த ஆலை 2016-இல் திவாலானது. அயோவாவின் நெவாடா என்ற ஊரில் டூபான்ட் 2015-இல் மக்காச்சோளத் தட்டையை நம்பி, ஆண்டுக்கு 3 கோடி கேலன் எடுக்கும் ஆலையைத் திறந்து, இரண்டே ஆண்டில் கைகழுவியது. அதே மாநிலத்தின் எம்மட்ஸ்பர்க்கில் போயட்-டிஎஸ்எம் கூட்டு ஆலை 2019-இல் எத்தனால் எடுப்பதை நிறுத்திக்கொண்டது. இத்தாலியின் கிரெஷென்டீனோவில் 2013-இல் பெரும் ஆரவாரத்தோடு திறந்த ஆலை 2017-இல் நின்றது. ருமேனியாவின் பொடாரியில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் வைக்கோலைக் கணக்கில் வைத்து கிளாரியன்ட் கட்டிய ஆலைக்கு 2023 டிசம்பரில் மூடுவிழா அறிவிப்பு வந்தது. இவர்கள் யாரும் கத்துக்குட்டிகள் அல்லர். உலகின் தேர்ந்த வேதியியல் நிறுவனங்கள், போதுமான பணம், அரசின் ஆதரவு எல்லாம் இருந்தும் இந்தக் கதி.

இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். நார்வேயின் சார்ப்ஸ்போர்க் நகரில் போர்ரிகார்ட் நிறுவனம் ஸ்புரூஸ் மரத்திலிருந்து 1938 முதல் எத்தனால் எடுத்துவருகிறது. அது எத்தனாலுக்காக மரம் வெட்டவில்லை. மரக்கூழ் எடுத்தபின் மிஞ்சும் சர்க்கரைக் கழிநீர் குழாய் வழியே ஆலைக்குள்ளேயே ஓடிவருகிறது. அதைப் புளிக்கவைக்கிறார்கள். லிக்னினை எரித்துவிடாமல் சிமெண்ட் சேர்மானமாகவும் வனிலினாகவும் விற்கிறார்கள். பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலத்தில் ரைசன் நிறுவனம் கோஸ்டா பின்டோ சர்க்கரை ஆலையின் மதிலை ஒட்டியே கரும்புச் சக்கை எத்தனால் ஆலையைக் கட்டியது. பின்னர் போன்ஃபிம் சர்க்கரை ஆலையருகே அதைவிடப் பெரிய ஆலையை எழுப்பியது. அங்கும் தொடக்க ஆண்டுகளில் இயந்திரத் தொல்லைகள் உண்டு. லாபம் கொட்டியதாகச் சொல்வதற்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சக்கை ஏற்கெனவே வெட்டி, ஏற்றி, அரைத்து, கழுவி, ஒரே இடத்தில் மலைபோல் குவிந்து கிடக்கிறது. அந்தச் செலவையெல்லாம் சர்க்கரை எப்போதோ கட்டிவிட்டது. சார்ப்ஸ்போர்க்கில் அதைக் கட்டியது மரக்கூழ். ஹியூகோட்டனிலும் பொடாரியிலும் அந்தச் செலவு முழுவதும் எத்தனாலின் தலையில் விழுந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். விழுந்த ஆலைகள் எல்லாம் ஒரே காரணத்தால் விழவில்லையே என்று கேட்கலாம். அபென்கோவாவின் தாய் நிறுவனம் ஸ்பெயினில் கடனில் மூழ்கியது. டூபான்ட் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்தபோது பல தொழில்களை வெட்டிவிட்டது. கிரெஷென்டீனோ ஆலையின் தாய் நிறுவனமும் கடன் தொல்லையில் சிக்கியது. 2014-இன் பிற்பாதியில் கச்சா எண்ணெய் விலை சரிந்ததும் ஒரு அடி. எல்லாம் உண்மைதான். ஆனால் அதே எண்ணெய் விலைச் சரிவில், அதே அமெரிக்காவில், மக்காச்சோள எத்தனால் ஆலைகள் நூற்றுக்கு மேல் ஓடிக்கொண்டுதான் இருந்தன. புயல் எல்லாருக்கும் பொது. வேர் பிடிக்காத மரம் முதலில் சாய்ந்தது. இந்த ஆலைகளின் பொறியியல் சிக்கல் என்று சொல்லப்பட்டதில் ஒரு பெரும்பங்கும் வயலிலிருந்தே வந்தது. கட்டோடு வந்த மண்ணும் கல்லும் கத்திகளைத் தேய்த்தன. ஒரு லோடு ஈரமாகவும் மறு லோடு காய்ந்தும் வந்ததால் வேகவைக்கும் கலத்தில் பக்குவம் மாறியது. உள்ளே தள்ளும் திருகுகள் அடைத்துக்கொண்டன. பரிசோதனைக்கூடத்தில் கழுவிப் பொடித்த ஒரே தரமான வைக்கோல் வரும். வயலில் மழை பெய்யும், சேறு இருக்கும், கூலியாள் மாறுவார். ஆகவே ஆலைக்குள் இருந்த நோய்க்கும் வேர் வெளியில்தான்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். அரியானாவின் பானிப்பட்டில், இந்தியன் ஆயில் நிறுவனம் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய ஆலையை 2022 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் தொடங்கிவைத்தார். தொழில்நுட்பம் புனேயின் பிராஜ் நிறுவனத்துடையது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அரசு சொன்ன கணக்கு. டன்னுக்கு 150 லிட்டர். இந்த 2 லட்சம் டன் எங்கிருந்து, எப்படி வரும் என்பதைக் கூட்டிப் பாருங்கள். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் கைக்குக் கிடைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால்கூட ஒரு லட்சம் ஏக்கர் வேண்டும். அறுப்பு முடிந்து கோதுமை விதைப்பதற்குள் வயலைக் காலி செய்ய உழவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய இருபது நாள். இருபது நாளில் 2 லட்சம் டன் என்றால் நாளுக்கு 10,000 டன். வைக்கோல் இடத்தை அடைக்கும் சரக்கு. லாரிக்கு 10 டன் ஏறினாலே பெரிது. அப்படியானால் நாளுக்கு ஆயிரம் லாரி லோடு, இருபது நாள் ஓயாமல். ஆலை ஓடுகிற ஒரு நாளில் தின்பதோ 650 டன்னுக்குச் சற்று மேல். மீதியை அடுத்த அறுப்பு வரை மழையும் தீயும் அண்டாமல் போர் போட்டுக் காக்க வேண்டும். வைக்கோல் போரில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று கிராமத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கணக்கில் எங்காவது நொதி வந்ததா? பூஞ்சை வந்ததா? வந்தவை எல்லாம் கட்டும் இயந்திரம், டிராக்டர், லாரி, கூலி, கிட்டங்கி.

இருபது நாள் என்ற நெருக்கடி இயற்கை போட்டதல்ல. நிலத்தடி நீரைக் காப்பதற்காகப் பஞ்சாப் அரசு 2009-இல் கொண்டுவந்த சட்டம் ஜூன் 10-க்கு முன் நாற்று நடக்கூடாது என்றது. நோக்கம் நல்லது. ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுப்பும் அக்டோபர் கடைசிக்கும் நவம்பருக்கும் தள்ளிப்போயிற்று. விதைப்புக்கு இருந்த இடைவெளி சுருங்கியது. அறுவடை இயந்திரம் கதிரை வெட்டிக்கொண்டு, வைக்கோலைப் பின்னால் வரிசையாகக் கொட்டி, முழங்கால் உயரத் தாளை நிற்க விட்டுப் போகிறது. பாஸ்மதி வைக்கோல் மாட்டுக்கு ஆகும்; மற்ற ரகங்களின் வைக்கோலை அங்கே மாடு சீந்துவதில்லை, கோதுமை வைக்கோல் இருக்கும்போது ஏன் சீந்தும்? ஒரு தீக்குச்சியின் விலையில் வயல் சுத்தமாகிவிடுகிறது. அந்தப் புகை தில்லி வரை வந்து, குளிர்காலக் காற்றில் தங்கிவிடுகிறது. இங்கே நாம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: உழவருக்கு வைக்கோல் கொளுத்துவதில் ஆசை கிடையாது. கொளுத்தாமலிருக்கும் செலவை யார் தருவது என்பதுதான் அவர் கேள்வி. தண்டம் போட்டு அதற்கு விடை சொல்ல முடியாது. கட்டியெடுக்கும் இயந்திரத்தை உரிய நாளில் அவர் வயலுக்கு அனுப்பித்தான் விடை சொல்ல முடியும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை வைக்கோல் இல்லாமலே எட்டிவிட்டோமே என்று சிலர் கேட்கிறார்கள். எட்டியது உண்மைதான். 2013-14-இல் ஒன்றரை விழுக்காட்டை ஒட்டி இருந்த கலப்பு, 2022 ஜூனில் 10 விழுக்காடாகி, 2025-இல் 20-ஐத் தொட்டது. ஆனால் எதை வைத்து எட்டினோம்? முதலில் கரும்பு. 2023-இல் கரும்பு விளைச்சல் குறையும் என்று தெரிந்ததும், அந்த டிசம்பரில் கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க அரசே கட்டுப்பாடு போட்டது. உடனே சுமை மக்காச்சோளத்தின் மேல் சாய்ந்தது. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் அதை வாங்கும் நிலைக்கு வந்தது. தீவன விலை ஏறினால் நாமக்கல்லில் முட்டை விலை ஏறும் என்பது நமக்கு நேராகத் தைக்கும் உண்மை. அடுத்து, இந்திய உணவுக் கழகத்தின் அரிசியைக் கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு எத்தனால் ஆலைகளுக்குத் தந்தோம். கரும்பு தண்ணீரைக் குடிக்கிறது. மக்காச்சோளம் கோழியின் வாய்க்குப் போக வேண்டியது. அரிசி மனிதர் வாய்க்குப் போக வேண்டியது. வைக்கோல் இந்த மூன்று பந்திகளிலும் யாருடைய இலையையும் பறிப்பதில்லை. அதனால்தான் கடினம் என்று தெரிந்தும் அதை விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

அளவையும் மிகையாகச் சொல்லக் கூடாது. 20 விழுக்காடு கலப்புக்கு ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி லிட்டர் எத்தனால் வேண்டும். பானிப்பட் ஆலை முழுத் திறனில் ஓடினாலும் தருவது அதில் ஆயிரத்தில் மூன்று பங்கு. தேவையில் கால்வாசியை வைக்கோலிலிருந்து எடுக்க வேண்டுமானால் அது போல் எண்பது ஆலைகளும், ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல் வைக்கோலும் வேண்டும். பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் நெல் வைக்கோல் மிஞ்சுகிறது என்பதால் சரக்குக்குப் பஞ்சமில்லை, சேர்ப்பதுதான் பஞ்சம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றலும் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே கச்சா எண்ணெய் இறக்குமதியை இது ஒழித்துக்கட்டிவிடும் என்று மேடையில் முழங்குவது பொய்யாகும். வைக்கோல் எத்தனாலின் முதல் பயன் காற்றைக் காப்பது, எரிபொருள் இரண்டாவது. இந்த வரிசையை மாற்றிப் போட்டால் கணக்கு ஒருநாளும் தேறாது.

வரிசையை நேராக வைத்தால் பணம் எங்கே போக வேண்டும் என்பது தெரியும். 2019-இல் அறிவித்த பிரதம மந்திரி ஜி-வன் திட்டம் 1,969 கோடியே 50 லட்சம் ரூபாய் ஒதுக்கி, வணிக அளவிலான ஆலை ஒன்றுக்கு அதிகபட்சம் 150 கோடி வரை முதலீட்டு உதவி தருகிறது. அதாவது இரும்புக்கும் கலத்துக்கும் கொதிகலனுக்கும் உதவி. ஆலையைக் கட்டி முடித்தபின் வாசலுக்கு வைக்கோல் வராவிட்டால் அந்த 150 கோடியால் என்ன பயன்? இதற்கு மாறாக, 2023-இல் பயிர்க்கழிவு மேலாண்மைத் திட்டத்தில் வந்த திருத்தத்தைச் சரியான திசை என்பேன். வைக்கோல் சேர்க்கும் இயந்திரங்களுக்கு அரசு 65 விழுக்காடும், வாங்கும் தொழிற்சாலை 25 விழுக்காடும், உழவர் குழு 10 விழுக்காடும் போடுவது என்பது அதன் ஏற்பாடு. இதை மேலும் ஒரு படி கொண்டுபோக வேண்டும். தீயிலிருந்து மீட்ட ஒவ்வொரு டன் வைக்கோலுக்கும், அது எந்த ஆலைக்குப் போனாலும், சேர்த்தவருக்கு ஒரு தொகை என்று வரையறுத்துக் கொடுக்கலாம். நகரத்தில் குப்பை அள்ளுவதை நாம் லாபத் தொழிலாக எதிர்பார்ப்பதில்லை. பொதுச் செலவாக ஏற்கிறோம். தில்லியின் மூச்சைக் காக்கும் வேலைக்கும் அதே நியாயம் பொருந்தும்.

எந்த ஆலைக்குப் போனாலும் என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். வைக்கோலை எத்தனாலாக்குவதைவிடச் சாண எரிவாயு முறையில் அழுத்த எரிவாயுவாக்குவது எளிது, உருண்டையாக்கி அனல்மின் நிலையத்தில் நிலக்கரியோடு எரிப்பது அதைவிட எளிது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் வலு இருக்கிறது. பஞ்சாபின் சங்ரூர் மாவட்டம் லெஹ்ராகாகாவில் 2022-இல் தொடங்கிய வெர்பியோ ஆலை வைக்கோலிலிருந்து நாளுக்கு 33 டன் எரிவாயு எடுக்கும் திறனோடு அமைந்தது. அதில் மிஞ்சும் கசடு உரமாக வயலுக்கே திரும்பலாம். எத்தனாலுக்கு இருக்கும் தனிச் சிறப்பு, இருக்கிற பெட்ரோல் பங்க்கிலேயே, இருக்கிற வண்டியிலேயே ஊற்ற முடியும் என்பதும், நாளை விமான எரிபொருளாக மாற்ற முடியும் என்பதும். இவற்றில் எது வெல்லும் என்று அரசு முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டியதில்லை. சேர்க்கும் கூலிக்கு ஏற்பாடு செய்துவிட்டு, வைக்கோலுக்கு நல்ல விலை கொடுக்கிற தொழில் அதை எடுத்துக்கொள்ளட்டும். எத்தனால் தோற்றாலும் காற்று ஜெயிக்கும்.

மண்ணைப் பற்றிய மறுப்பு இன்னும் கனமானது. ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் ஐந்தரை கிலோ தழைச்சத்தும், 2 கிலோவுக்கு மேல் மணிச்சத்தும், 25 கிலோ சாம்பல்சத்தும் இருக்கின்றன. கொளுத்தினால் தழைச்சத்து புகையோடு போகிறது என்றாலும், சாம்பல்சத்தில் பெரும்பகுதி வயலிலேயே தங்குகிறது. கட்டியெடுத்துப் போனால் அதுவும் போகிறது. 2 லட்சம் டன் வைக்கோல் என்றால் 5,000 டன் சாம்பல்சத்து ஒரே ஆலையின் வாசலுக்குள் நுழைகிறது. அந்தச் சத்துக்கு நாடு அநேகமாக முழுக்க இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. இந்த மறுப்புக்குச் சமாதானம் சொல்லி நழுவக் கூடாது, ஏற்பாடு செய்ய வேண்டும். நிற்கும் தாளையும் ஒரு பங்கு வைக்கோலையும் வயலில் விட்டு, உழாமலே அதனூடே கோதுமை விதைக்கும் ஹேப்பி சீடர் போன்ற கருவிகளைப் பயன்படுத்தலாம். கொதிகலன் சாம்பலையும் வடிகழிவில் சேரும் சாம்பல்சத்தையும் மீட்டு, வைக்கோல் தந்த வயல்களுக்கே உரமாகத் திருப்பித் தருவதை ஆலைக்கு உரிமம் கொடுக்கும்போதே நிபந்தனையாக்கலாம். வைக்கோலை வாங்கும்போது மண்ணின் சத்தையும் சேர்த்து வாங்குகிறோம் என்ற நினைவு ஆலைக்கு இருக்க வேண்டும்.

மின்வண்டி வந்துவிட்டால் எத்தனால் எதற்கு என்பது கடைசி மறுப்பு. இன்று விற்கிற பெட்ரோல் வண்டி இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடும். அதுவரை தேவை இருக்கும். அதன் பிறகும் மின்கலத்தில் நெடுந்தூர விமானம் பறக்கப்போவதில்லை. பன்னாட்டு விமானங்களின் எரிபொருளில் 2027-இல் ஒரு விழுக்காடு, 2028-இல் 2 விழுக்காடு, 2030-இல் 5 விழுக்காடு பசுமை எரிபொருள் கலக்க வேண்டும் என்று இந்தியா குறியிலக்கு வைத்திருக்கிறது. அதற்கு எத்தனால் ஒரு மூலப்பொருள். எத்தனாலோடு வேறு சரக்கையும் விற்கும் வழியும் திறந்திருக்கிறது. அசாமின் நுமாலிகரில் 2025 செப்டம்பரில் தொடங்கிய ஆலை மூங்கிலிலிருந்து எத்தனாலோடு ஃபர்ஃப்யூராலும் அசிட்டிக் அமிலமும் எடுக்கும்படி அமைந்திருக்கிறது. சார்ப்ஸ்போர்க் கற்பித்த பாடம் அது: ஒரே கழிவிலிருந்து பல சரக்கு எடுத்தால் எந்த ஒரு சரக்கின் விலை விழுந்தாலும் ஆலை விழாது. ஆனால் மூங்கில் கழிவு அல்ல என்பதால், அங்கே வளர்ப்பவருக்குக் கட்டுப்படியாகும் விலையும் தோப்புகள் தேய்ந்துபோகாமல் காக்கும் கணக்கும் வேண்டும்.

நம் தமிழ்நாட்டில் இந்த வாதம் எப்படிப் பொருந்துகிறது? பஞ்சாபைப் பார்த்து அப்படியே நகலெடுக்க முடியாது. டெல்டாவில் வைக்கோல் மாட்டுத் தீவனம். உருளையாகக் கட்டி விலைக்குப் போகிறது. அதை எத்தனால் ஆலைக்கு இழுத்தால் பால்மாட்டுக்காரர் வயிற்றில் அடிப்பதாகும். கரும்புச் சக்கையில் கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் காகிதம் செய்கிறது; சர்க்கரை ஆலைகள் அதை எரித்து மின்சாரம் எடுக்கின்றன. இராமநாதபுரம் பக்கத்துச் சீமைக் கருவேலத்துக்குக் கரிமூட்டமும் விறகுச் சந்தையும் உண்டு. இவை எதுவும் கேட்பாரற்றுக் கிடக்கவில்லை. உண்மையில் வீணாவது கரும்புச் சோகை. வெட்டு முடிந்ததும் பெரும்பாலும் தோட்டத்திலேயே கொளுத்தப்படுகிறது. அதைச் சேர்ப்பதற்கு வேண்டிய கட்டமைப்பில் பாதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. எந்த ஊரில் எத்தனை ஏக்கர் பதிவு, எந்த வாரம் வெட்டு உத்தரவு, எந்த லாரி என்ற விவரம் ஒவ்வொரு சர்க்கரை ஆலையின் கரும்பு அலுவலகத்திலும் உண்டு. கரும்பு வரத்துக் குறைந்து தவிக்கும் ஆலைகளில் இடமும் கொதிகலனும் வடிப்பாலையும் ஓய்வாகக் கிடக்கின்றன. மண்ணுக்கு மூடாக்காக ஒரு பங்கை விட்டுவிட்டு, மீதியைக் கரும்பு வரும் அதே பாதையில் கொண்டுவர முடியும். எத்தனாலா, மின்சாரமா, எரிவாயுவா என்பதை அதன் பிறகு பேசலாம்.

நண்பர்களே, பல்கலைக்கழகங்களில் புதிய நொதியைத் தேடுகிறவர்கள் தேடட்டும். அந்த உழைப்பு வீண்போகாது. ஆனால் வேளாண் பொறியியல் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இருபது நாளில் ஒரு லட்சம் ஏக்கர் வைக்கோலைக் குறைந்த செலவில், மண் ஒட்டாமல், ஈரம் ஏறாமல் சேர்க்கும் வழியையும், நம் கரும்புத் தோட்டத்துச் சோகையைச் சேர்க்கும் சிறிய இயந்திரத்தையும் உங்கள் ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். திட்டம் வகுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இனி ஓர் ஆலைக்கு அனுமதி கேட்டு யார் வந்தாலும், ஆண்டுக்கு எத்தனை லிட்டர் எடுப்பீர்கள் என்று முதலில் கேட்காதீர்கள். எந்த ஊரிலிருந்து, எந்த வாரத்தில், யார் கையால், டன்னுக்கு என்ன விலைக்கு உங்கள் வாசலுக்குக் கழிவு வரும் என்று கேளுங்கள். அதற்கு எழுத்தில் விடை தராத ஆலைக்குப் பொதுப் பணத்தில் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.